எந்தப் பிழை பெரிது?

1906-ஆம் ஆண்டு பெர்லினில், ஒருவருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல ஐந்து உயிர்களிடமிருந்து பொருள் சேர்க்க வேண்டியிருந்தது. நோயாளியின் சீரம். கினிப்பன்றியின் சீரம். செம்மறியாட்டின் சிவப்பணுக்கள். அந்தச் சிவப்பணுக்களை முயலுக்கு ஊசியில் ஏற்றி, முயலின் உடம்பில் உண்டாக்கிய எதிர்ப்பொருள். ஐந்தாவதுதான் மனதை உறுத்துவது: சிபிலிஸால் கருவிலேயே இறந்துபோன சிசுவின் ஈரலிலிருந்து எடுத்த சாறு.

ஆகஸ்ட் வான் வாசர்மான், ஆல்பர்ட் நைசர், கார்ல் புரூக் மூவரும் சேர்ந்து கொண்டுவந்த சோதனை இது. நிலைத்தது வாசர்மான் பெயர் மட்டும். நோயாளியின் சீரத்தை 56 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்து, அதிலுள்ள ‘காம்ப்ளிமென்ட்’ என்ற பொருளை முதலில் செயலிழக்கச் செய்வார்கள். பிறகு ஈரல் சாற்றையும், அளந்தெடுத்த கினிப்பன்றி சீரத்தையும் சேர்த்து உடல் சூட்டில் வைப்பார்கள். நோயாளியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது ஈரல் சாற்றோடு கூடி, கினிப்பன்றி தந்த காம்ப்ளிமென்ட் முழுவதையும் செலவழித்துவிடும். கடைசியாக ஆட்டுச் சிவப்பணுவும் முயல் எதிர்ப்பொருளும் குழாய்க்குள் போகும். காம்ப்ளிமென்ட் மிச்சமிருந்தால் அணுக்கள் உடைந்து குழாய் முழுவதும் மாதுளைச் சாறுபோல் சிவந்துவிடும், நோய் இல்லை. செலவாகிப் போயிருந்தால் அணுக்கள் உடையாமல் அடியில் தங்கும், நோய் உண்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள நிறங்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை கூட்டல் குறி போடுவார்கள். எத்தனை குறி என்பதைத் தீர்மானித்தது பார்ப்பவரின் கண்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் விரல் நுனியில் குத்தி, வரும் ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டு, கூடவே இரண்டொரு சொட்டு திரவம் விட்டால் 15, 20 நிமிடத்தில் கோடு தெரிந்துவிடுகிறது. இதை வேகத்தின் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். அதைவிடச் சுவையான மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சோதனை தேறியதா தேறவில்லையா என்று யார் முடிவு செய்தார்கள், எதை அளவுகோலாக வைத்தார்கள் என்பதில்தான் இந்த நூற்றுச்சொச்சம் ஆண்டுகள் பெரிதும் புரண்டிருக்கின்றன. சோதனையையே சோதனை போட வேண்டும் என்ற பழக்கத்தை மருத்துவத்துக்கு ஊட்டியதில் சிபிலிஸுக்கு இருக்கும் பங்கு வேறெந்த நோய்க்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வாசர்மான் சோதனையின் தொடக்கம் அப்படி ஒன்றும் மெச்சத்தக்கதாக இல்லை. நோயுள்ளவர்களின் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்தில்தான் அது முதலில் பாசிட்டிவ் காட்டியது. அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் பல கைகள் பழகிப் பழகி அதை 70, 90 சதவீதத்துக்குக் கொண்டுவந்தன. இதை விரித்துச் சொன்னவர் போலந்து மருத்துவர் லுட்விக் ஃபிளெக். அறிவியலில் ஓர் உண்மை எப்படி உருவாகிறது என்று 1935-இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு உதாரணமே இந்தச் சோதனைதான். வேடிக்கை என்னவென்றால், சோதனைக்கு அடிப்படையாக வாசர்மான் நினைத்த காரணம் தவறு. ஈரல் சாற்றில் சிபிலிஸ் கிருமி இருப்பதால்தான் வினை நடக்கிறது என்று அவர் நம்பினார். அடுத்த ஆண்டே, நோயில்லாத உறுப்புகளின் சாற்றிலும் இதே வினை நடப்பதை கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மற்றவர்களும் காட்டினார்கள். மாட்டு இதயத்தை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறே போதுமானதாக இருந்தது. குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் பழம் விழுந்தது உண்மை. இறந்த சிசுவின் ஈரல் இனித் தேவையில்லை என்றும் ஆயிற்று.

கிருமிக்கும் சோதனைக்கும் நேரடித் தொடர்பில்லை என்றால், அது காட்டும் பாசிட்டிவை எந்த அளவுக்கு நம்புவது? கோட்பாடு கைவிட்டுவிட்டதால் எண்ணிப் பார்ப்பது ஒன்றே வழியாக இருந்தது. ஆளுக்கொரு முறை, ஊருக்கொரு சாறு என்று சோதனைகள் பெருகிப்போனதும் இந்தக் கேள்வி நாடுகளுக்கிடையே போனது. நாடுகளின் சங்கம் 1923-இலும் 1928-இலும் கோபன்ஹேகனில் ஆய்வக மாநாடுகளைக் கூட்டியது. மாநாடு என்றால் மேடைப் பேச்சு இல்லை. தத்தம் சோதனையை உருவாக்கியவர்களும் அதில் கைதேர்ந்தவர்களும் தங்கள் சாறுகளோடும் குழாய்களோடும் வந்து, ஒரே கட்டடத்தில், ஒரே ரத்தத்தைப் பங்கிட்டுக்கொண்டு சோதித்தார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் பக்கத்து மேசையில் அதே ரத்தத்துக்கு வேறு முடிவு வந்தால் யாரிடம் போய்ச் சாதிப்பது? அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து வந்த ரூபன் கானின் சோதனை 1928-இல் பெரும் பேர் வாங்கியது. ஆடு, முயல், கினிப்பன்றி எதுவும் வேண்டாம். சீரமும் மாட்டு இதயச் சாறும் கலந்தால் துகள் திரள்கிறதா என்று பார்த்தால் போதும். 1930-இல் மான்டிவீடியோவில் இன்னொரு மாநாடு நடந்தது.

இந்த வழக்கத்தை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1934-35-இல் இன்னும் கறாராக்கியது. கான், கிளைன், கோல்மர், ஈகிள், ஹின்டன் என்று ஒவ்வொரு சோதனையின் கர்த்தாவுக்கும் எண் மட்டும் போட்ட ரத்த மாதிரிகள் போயின. எது நோயாளியுடையது, எது நோயில்லாதவருடையது என்பது அனுப்பியவர்களுக்கு மட்டும் தெரியும். ஹார்வர்டின் வில்லியம் அகஸ்டஸ் ஹின்டனின் சோதனை இந்தச் சுற்றில் மிகச் சிறப்பாகத் தேறியது. கறுப்பினத்தவரான அவருக்கு ஹார்வர்ட் பேராசிரியர் பட்டம் கொடுக்க 1949 வரை யோசித்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இன்று எந்தக் கிட்டின் அட்டைப்பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே மடித்து வைத்த தாளில் இரண்டு சதவீதங்கள் இருக்கும். ஒன்று உணர்திறன்: நோயுள்ளவரைத் தப்பவிடாத திறமை. இன்னொன்று தனித்திறன்: நோயில்லாதவரை வம்புக்கிழுக்காத திறமை. இந்த இரட்டைக் கணக்கு பழகிப் பண்பட்ட இடம் அந்தக் காலத்து சிபிலிஸ் மேசைகள்தான். ஆனால் அந்த மதிப்பீட்டில் ஒரு குறை இருந்தது. சோதனையைச் செய்தவர்கள் அதைப் படைத்தவர்களே. உலகத்திலேயே அந்தச் சோதனையை மிக நன்றாகச் செய்யத் தெரிந்தவர் வாங்கிய மதிப்பெண் அது. இதைத் துறையே உணர்ந்து, அடுத்த சுற்றுகளில் மாநில ஆய்வகங்களையும் உள்ளூர் ஆய்வகங்களையும் அதே முறையில் சோதித்தது. ஒரே சோதனை, ஒரே செய்முறைப் புத்தகம். சில இடங்களில் முடிவுகள் வெகுவாகப் பின்தங்கின. சோதனைக்கென்று ஒரு நிலையான தரம் கிடையாது, செய்யும் கைக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண் என்பது அன்றே தெரிந்துபோனது. ஆண்டுதோறும் ஆய்வகங்களுக்கு மர்ம மாதிரி அனுப்பித் தேர்வு வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு இதுதான் மூதாதை.

ஏன் அவ்வளவு கறார்? ஒரு தவறான பாசிட்டிவுக்கு அன்று என்ன விலை என்று பார்த்தால் புரியும். பெனிசிலின் வராத காலம். ஜெர்மன் விஞ்ஞானி எர்லிக் 1910-இல் தந்த சால்வர்சானும் அதன் வழிவந்த ஆர்செனிக் மருந்துகளும்தான் சிகிச்சை. கூடவே பிஸ்மத் அல்லது பாதரசம். வாரா வாரம் ஊசி, அதுவும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை. ஊசியாலேயே ஈரல் கெட்டவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. போதாக்குறைக்கு 1935-இல் கனெக்டிகட் மாநிலம், கல்யாணத்துக்கு முன் மணமக்கள் இருவரும் ரத்தப் பரிசோதனைச் சான்று தர வேண்டும் என்று சட்டம் போட்டது. மாநிலம் மாநிலமாக அது பரவியது. நாள் குறித்த பிறகு பெண்ணின் ரத்தம் ‘சரியில்லை’ என்று ஒரு காகிதம் வந்தால் என்ன நடக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கணக்கு ஒன்று பார்த்துவிடலாம். நோயுள்ள 100 பேரில் 98 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 98 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பால்வினை நோய்ப் பிரிவுக்கு வரும் 1,000 பேரில் 200 பேருக்கு நோய் என்றால், 196 பேர் உண்மையாகவே பிடிபடுவார்கள். 16 பேர் வீணாக மாட்டுவார்கள். பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். அதே சோதனையைக் கல்யாணத்துக்கு நிற்கும் 1,000 பேரிடம் செய்கிறோம்; அவர்களில் 5 பேருக்குத்தான் நோய். அந்த 5 பேரும் பிடிபடுவார்கள். கூடவே நோயே இல்லாத 20 பேரும் பிடிபடுவார்கள். பாசிட்டிவ் வந்த ஐந்து பேரில் நான்கு பேர் நிரபராதிகள். சோதனை மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். இதைச் சட்டம் போட்டவர்கள் யோசித்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

மலேரியா, தொழுநோய், கர்ப்பம், தடுப்பூசி போட்ட சில வாரங்கள் என்று பலவும் இந்தப் போலி பாசிட்டிவைத் தரும் என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. எந்தெந்த நிலையில் எத்தனை போலி என்று எண்ணிப் பார்க்க, நோயில்லை என்று உறுதியான மனிதர்களின் ரத்தம் ஏராளமாக வேண்டும். அந்தத் தேவை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது இந்த வரலாற்றின் அருவருப்பான பக்கம்.

1946 முதல் 1948 வரை குவாதமாலாவில் ஜான் கட்லர் என்ற அமெரிக்க அரசு மருத்துவரின் குழு, சிறைக்கைதிகள், படைவீரர்கள், மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்கள் ஆகியோருக்கு வேண்டுமென்றே பால்வினை நோய்க் கிருமிகளைச் செலுத்தியது. இது ஓரளவு பலருக்கும் தெரிந்த செய்தி. அதே குழு, ரத்தச் சோதனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ரத்தம் எடுத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொழுநோயாளிகள் அதில் இருந்தார்கள். அனாதை இல்லத்துக் குழந்தைகளும் இருந்தார்கள். உடலில் நோயின் அடையாளமே இல்லாத குழந்தைகளின் ரத்தம் பாசிட்டிவ் காட்டினால், பழுது சோதனையிலா குழந்தையிலா என்று பார்ப்பது நோக்கம். அந்தக் குழந்தைகளிடம் சம்மதம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சூசன் ரெவர்பி என்ற வரலாற்றாசிரியர் கட்லரின் காகிதங்களைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பார்த்த பிறகுதான், 2010-இல் விஷயம் வெளியே வந்து அமெரிக்க அதிபர் ஒபாமா குவாதமாலா அதிபரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவுக்குள்ளேயே, அலபாமாவின் டஸ்கீகியில் சிபிலிஸ் பாசிட்டிவான 399 கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை சிகிச்சை தராமல் ‘கவனித்தது’ தனிக் கதை. இன்று ஒரு கிட்டை மதிப்பிட வேண்டுமென்றால் நெறிக்குழுவின் அனுமதி, கையெழுத்திட்ட சம்மதம், பெயர் நீக்கிய மாதிரி என்று படிப்படியாக ஏறிவர வேண்டும். இந்தக் காகித வேலையைப் பற்றி ஆய்வாளர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் அந்த அனாதை இல்லம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

சோதனையின் உட்பொருள் 1941-இல் தெளிந்தது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை ஆய்வகத்தில் மேரி பாங்பார்ன், மாட்டு இதயச் சாற்றில் வினை புரியும் கொழுப்பைத் தனியே பிரித்தெடுத்து, அதற்குக் கார்டியோலிப்பின் என்று பெயரிட்டார். அதுவரை ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு மாட்டின் இதயத்தை நம்பியிருந்தது. இனி அளந்து கலக்கலாம்: கார்டியோலிப்பின் 0.03 சதவீதம், லெசித்தின் 0.21 சதவீதம், கொலஸ்ட்ரால் 0.9 சதவீதம். இந்தக் கலவையை வைத்து 1946-இல் வந்ததுதான் வி.டி.ஆர்.எல். அமெரிக்கப் பால்வினை நோய் ஆய்வகத்தின் பெயரெழுத்துகள் அவை. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற பெண்களில் பலர் கர்ப்ப அட்டையில் அந்த எழுத்துகளைப் பார்த்திருப்பார்கள். அது எந்த நோய்க்கு என்று கேட்டவர்கள் குறைவு, சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. கொல்கத்தாவின் சீராலஜி நிறுவனம் ஆன்டிஜென் எனப்படும் இந்தக் கலவையை இங்கேயே தயாரித்தது.

வி.டி.ஆர்.எல். செய்வதைக் கிட்டேயிருந்து பார்த்தால் அதன் எளிமை பிடிபடும். வட்டங்கள் பதித்த கண்ணாடித் தகட்டில் ஒவ்வொரு வட்டத்திலும் 50 மைக்ரோலிட்டர் சீரம். மேலே ஊசி முனையிலிருந்து விழும் ஒரு சொட்டு ஆன்டிஜென். நிமிடத்துக்கு 180 சுற்று சுழலும் மேடையில் நான்கு நிமிடம். உடனே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். காலம் தாழ்த்தினால் காய்ந்து ஏமாற்றும். மெல்லிய ஊசிகள்போலத் துகள்கள் பரவிக் கிடந்தால் நெகட்டிவ். கூட்டம் கூட்டமாகத் திரண்டிருந்தால் பாசிட்டிவ். பிறகு சீரத்தை இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று நீர்க்கச் செய்துகொண்டே போய் எதுவரை திரள்கிறது என்று எழுதுவார்கள். சிகிச்சைக்குப் பிறகு அந்த எண் நான்கு மடங்கு இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இங்கே ஒரு பொறி உண்டு: எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால் திரளே விழாமல் நெகட்டிவாகத் தெரியும். நோய் உச்சத்தில் இருப்பவரே தப்பிவிடுவார். அனுபவசாலி டெக்னீஷியன் சந்தேகம் வந்தால் நீர்த்துப் பார்க்காமல் விடமாட்டார்.

நோயின் பருவத்துக்கு ஏற்பவும் இதன் திறமை மாறும். உடலெங்கும் தடிப்பு வரும் இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ எல்லோரையும் பிடித்துவிடும். முதல் புண் மட்டும் இருக்கும்போது சுமார் 78 சதவீதம். நோய் முற்றிய காலத்தில் சுமார் 71 சதவீதம். ‘இந்தச் சோதனையின் உணர்திறன் என்ன?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தக் கட்டத்து நோயாளியிடம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

கிருமியையே நேரடியாக வைத்துச் செய்யும் சோதனை 1949-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நெல்சன், மேயர் இருவரால் வந்தது. சிபிலிஸ் கிருமியை அன்று தட்டில் வளர்க்க முடியாது. உயிருள்ள முயலின் விரையில்தான் வளர்க்க வேண்டும். அப்படி எடுத்த உயிர்க் கிருமிகள் நோயாளியின் சீரம் பட்டதும் அசைவை நிறுத்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பெரிய செலவு, பெரிய தொல்லை. ஆனால் இதுதான் நீதிபதியாக அமர்ந்தது. பல ஆண்டுகள் சிபிலிஸ்காரர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பலருக்கு அந்த நோய் வந்ததே இல்லை என்று தீர்ப்பும் சொன்னது. அந்தப் போலி பாசிட்டிவ்காரர்களில் சிலருக்குப் பின்னாளில் லூபஸ் நோய் வந்தது. அந்த நூலைப் பிடித்துப் போனவர்கள், 1983-இல் லண்டனில் கார்டியோலிப்பினுக்கு எதிரான எதிர்ப்பொருளை அளக்கும் முறையைக் கண்டார்கள். ரத்தம் உறைவதும் கரு கலைவதுமாகத் தொல்லை தரும் ஒரு தனி நோயே அதன்மூலம் அடையாளம் காணப்பட்டது. பிழை என்று ஒதுக்கிய குவியலிலிருந்து ஒரு நோய் எழுந்து வந்தது.

அந்த நீதிபதிக்கும் ஒரு வரம்பு உண்டு. பெர்லினில் ஷாடினும் ஹாஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்ட அதே 1905-இல், கொழும்பில் ஆல்டோ காஸ்டெல்லானி யாஸ் நோயில் அதன் உடன்பிறப்பைக் கண்டார். இலங்கையில் பறங்கி என்று வழங்கிய, உடலுறவுக்குச் சம்பந்தமே இல்லாத, சிறு பிள்ளைகளுக்கு வரும் தோல் நோய் அது. இரண்டையும் ரத்தத்தில் பிரித்துச் சொல்ல அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை.

நீதிபதியும் காலப்போக்கில் ஓய்வு பெற்றார். ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை 1957-இல் வந்தது. சிவப்பணுவிலோ ஜெலட்டின் துகளிலோ கிருமியின் புரதத்தைப் பூசிச் செய்யும் சோதனைகள் அதையொட்டி வந்தன. இப்போது பெரிய ஆய்வகங்களில் இயந்திரமே கிருமிக்கான எதிர்ப்பொருளை மணிக்கு நூற்றுக்கணக்கில் பார்த்துவிடுகிறது. அதனால் வரிசையே தலைகீழானது. முன்பு மலிவான வி.டி.ஆர்.எல். முதலில், கிருமிச் சோதனை பிறகு. இப்போது இயந்திரம் கிருமிச் சோதனையை முதலில் செய்கிறது. பாசிட்டிவ் வந்தால் மட்டும் பழைய வகைச் சோதனை.

இதனால் என்ன ஆயிற்று என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2011-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஐந்து ஆய்வகங்கள், 1,40,176 மாதிரிகள். இயந்திரம் பாசிட்டிவ் என்றது 4,834. அவற்றில் 2,743 மாதிரிகளை, அதாவது பாதிக்கும் மேல், அடுத்த சோதனை நெகட்டிவ் என்றது. மூன்றாவதாக வேறொரு கிருமிச் சோதனை செய்தபோது அந்த 2,743-இல் 866 அதிலும் நெகட்டிவ். இவை பெரும்பாலும் இயந்திரத்தின் போலி பாசிட்டிவ். மீதிப்பேர்? என்றோ நோய் வந்து ஊசி போட்டுக் குணமானவர்கள் இருப்பார்கள், நேற்றுத் தொற்றியவர்கள் இருப்பார்கள், பல ஆண்டு உள்ளே பதுங்கிய நோயுள்ளவர்களும் இருப்பார்கள். கிருமிக்கான எதிர்ப்பொருள் ஒருமுறை வந்தால் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கப் போகாது. இவர்களைப் பிரிக்க ஒரு மருத்துவர் எதிரே உட்கார்ந்து கதை கேட்டாக வேண்டும். ஃபிளெக் இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

இன்றைய மாற்றங்களில் என்னைக் கேட்டால் இயந்திரம் இரண்டாம் பட்சம். பெரிய மாற்றம் அந்தப் பட்டைதான். உலக சுகாதார நிறுவனம் 2000-களின் முற்பகுதியில் விரைவுச் சோதனைகளை முதலில் ஆய்வகங்களில், சேமித்து வைத்த சீரத்தில் மதிப்பிட்டது. பிறகு தான்சானியா, சீனா, ஹைத்தி, பிரேசில் மருத்துவமனைகளில், வந்து நின்ற ஆட்களின் விரல் ரத்தத்தில் மதிப்பிட்டது. ஆய்வகத்தில் தேறிய அளவுக்கு விரல் ரத்தத்தில் எல்லா இடத்திலும் தேறவில்லை. கோபன்ஹேகன் காலத்து மேதைகள் இந்தப் பட்டையைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். மருத்துவமும் அப்படித்தான் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கவில்லை. காரணம், இடையில் 1943-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி நான்கு சிபிலிஸ் நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துக் காட்டியிருந்தார்.

ஒன்றரை ஆண்டு ஆர்செனிக் ஊசி இருந்த இடத்தில், தொடக்கநிலை நோய்க்கு 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின் ஒரே ஊசி என்றானபோது, எந்தப் பிழை பெரிது என்ற கேள்விக்கு விடையே மாறிவிட்டது. நோயில்லாத கர்ப்பிணிக்கு ஓர் ஊசி வீணாகப் போட்டால் இடுப்பில் இரண்டு நாள் வலி. பெனிசிலின் ஒவ்வாமை இருப்பவரை மட்டும் கவனிக்க வேண்டும். நோயுள்ளவரை விட்டுவிட்டால் குழந்தை போய்விடும். தான்சானியாவின் முவான்சாவில் 2002-இல் வெளியான ஆய்வில், வீரியமான சிபிலிஸ் இருந்து சிகிச்சை பெறாத கர்ப்பிணிகளில் நான்கில் ஒருவருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அன்று கல்யாண மேடையில் போலி பாசிட்டிவைக் கண்டு பயந்தார்கள். இன்று பிரசவ வார்டில் தப்பிய நெகட்டிவைக் கண்டு பயப்படுகிறோம். இரண்டு பயமும் அந்தந்தக் காலத்துக்கு நியாயம்.

இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. 100 நோயாளிக் கர்ப்பிணிகளில் 98 பேரைப் பிடிக்கும் ஆய்வகச் சோதனை ஒன்று. முடிவு வாங்க அடுத்த வாரம் வர வேண்டும். பேருந்துக் காசு, கூலி, வீட்டில் சின்னப் பிள்ளை என்று 60 சதவீதம் பேர்தான் திரும்பி வருகிறார்கள் என்றால், ஊசி போடுவது 59 பேருக்கு. 85 பேரை மட்டுமே பிடிக்கும் பட்டையை வைத்து உட்கார்ந்த இடத்திலேயே ஊசி போட்டால் 85 பேருக்கு. தேர்வில் தோற்றது களத்தில் ஜெயிக்கிறது. இந்த இடத்தில் ‘சோதனையின் திறன்’ என்ற சொல்லுக்குள் பேருந்து நேரமும் மருந்துக் கிடங்கின் சாவியும் வந்து சேர்ந்துவிடுகின்றன. பட்டையில் ஒரு குறை: பழைய, குணமான நோயையும் அது புதிது போலவே காட்டும். வீட்டில் சந்தேகமும் சண்டையும் கிளப்ப அந்த ஒரு கோடு போதும். கோட்டைப் பார்த்துச் சொல்லும் செவிலியருக்கு எப்படிச் சொல்வது என்றும் பயிற்சி வேண்டும். எந்த மதிப்பீட்டு அட்டவணையிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

சோதனைகளை இவ்வளவு தூரம் சீர்தூக்கிய அமெரிக்காவில் 2023-இல் 3,882 குழந்தைகள் பிறவி சிபிலிஸோடு பதிவானார்கள். 2012-இல் அந்த எண் சுமார் 335. உரிய நேரத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் நடந்திருந்தால் 2022-இல் பதிவானவற்றில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. 2024 ஆகஸ்டில் மருந்துச் சீட்டு இல்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனைக்கும் அங்கே அனுமதி கிடைத்துவிட்டது. உலக அளவில் 2022-இல் மட்டும் சுமார் ஏழு லட்சம் பிறவி சிபிலிஸ் நேர்வுகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோதனையின் பழுதால் தப்பியவர்கள் இதில் சிறுபான்மை. சோதனையே செய்யப்படாதவர்களும், செய்த பின் ஊசி கிடைக்காதவர்களும்தான் இதில் பெரும்பங்கு.

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், அட்டையில் வி.டி.ஆர்.எல். என்றோ சிபிலிஸ் என்றோ ஒரு வரி இருக்கிறதா, எதிரே முடிவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாசிட்டிவ் என்று வந்தால் அது நடத்தைச் சான்றிதழ் ஆகிவிடாது. பழைய நோயாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம், இரண்டாவது சோதனை அதைச் சொல்லும். அந்த இரண்டாவது முடிவு வரும்வரை ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். கணவரின் ரத்தத்தையும் அதே வாரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நோய் இருவருக்கும் இருந்து ஒருவருக்கு மட்டும் ஊசி போட்டால், பிரசவத்துக்கு முன்பே அது திரும்பி வந்துவிடக்கூடும்.